சமையலறைக்கு வந்த வெயில்

1905-ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழில் ஒரு சிறுகதை அச்சானது. தலைப்பு ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். வங்காளத்தில் கோஷாவுக்குள் வளர்ந்தவர். அண்ணன் இரவில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்து ஆங்கிலம் கற்றவர். இதழை 1901-இல் தொடங்கி நடத்திவந்தவர் கமலா சத்தியநாதன். ஒரு பெண்ணின் கற்பனையை இன்னொரு பெண் அச்சேற்றினார்.

கதையில் வரும் பெண்கள் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஆட்சியும் ஆராய்ச்சியும் பெண்களிடம். அங்குள்ள பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்று, பலூனில் குழாய்களைப் பொருத்தி வானிலிருந்தே நீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படைபலம் பெருக்குவதில் மூழ்கிய ஆண்கள் இவற்றைக் கேலி செய்கிறார்கள். போரில் அவர்கள் தோற்றபோது, சேமித்த வெப்பத்தை எதிரிகள்மேல் திருப்பி நாட்டைக் காப்பவர்கள் பெண்கள்தான்.

இது வெறும் மாயாஜாலம் அல்ல. 1878 பாரிஸ் கண்காட்சியில் ஒகுஸ்தென் மூஷோ, வெயிலைக் குவித்து எந்திரத்தை ஓட்டி, பனிக்கட்டியே உருவாக்கிக் காட்டியிருந்தார். அதே ஆண்டு பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்றாக வெயிலைப் பயன்படுத்துவது பற்றி நூல் வெளியிட்டார். 1901-இல் சாந்தோஸ் துமோன் ஹைட்ரஜன் நிரப்பிய வான்கப்பலில் ஈபிள் கோபுரத்தைச் சுற்றிவந்தார். ரொக்கேயாவின் வான்வண்டியும் ஹைட்ரஜன் உருண்டைகளால்தான் மேலெழுகிறது.

வேறுபாடு, அறிவியல் யாருக்கு உழைக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. ஆடம்ஸ் தன் சூரிய அடுப்பில் சிப்பாய்களுக்கான உணவைச் சமைத்துப் பார்த்தார். ரொக்கேயா வெயிலை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. அவருடைய நாட்டில் நாளுக்கு இரண்டு மணி நேர வேலை போதும். இருபத்தொரு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்பது அங்கே அரசியின் ஆணை. ஆங்கிலேய அரசு 1929-இல் கொண்டுவந்த சட்டம்கூடப் பதினான்கு வயதைத்தான் எட்டியது. அன்றைய வாசகருக்கு வான்வண்டியைவிட நம்ப முடியாததாக இருந்திருக்கக்கூடியது அந்த ஆணைதான்.

கணவரின் மறைவுக்குப் பின், 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் ரொக்கேயா பள்ளி நடத்தத் தொடங்கினார். பின்னர் மாணவிகளை அழைத்துவர மோட்டார் பஸ் வந்தது. கோஷாவுக்காக அதை நாலாபுறமும் அடைத்துவிட்டார்கள். உள்ளே காற்றும் வெளிச்சமும் இல்லை. சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை கட்டினால், திரை காற்றில் விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. இதை ரொக்கேயாவே எழுதி வைத்திருக்கிறார்.

எந்திரம் வந்துவிட்டது, விடுதலை வரவில்லை. புதிய கருவி எதுவானாலும் அது பழைய வீட்டுக்குள்தான் நுழைகிறது. அந்த வீட்டின் சட்டமே அதற்கும் திரை போடுகிறது. அதனால்தான் ரொக்கேயா தன் கனவில் கருவிகளை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அவற்றைப் பெண்கள் படித்து, செய்து, ஆளும் பல்கலைக்கழகங்களை முதலில் கட்டினார். கதைக்கு வெளியே அவரால் கட்ட முடிந்தது ஒரு பள்ளிக்கூடம். 1932-இல் இறக்கும்வரை அதை அவர் கைவிடவில்லை.