ஒரே ஆண்டில் இரு தீர்ப்புகள்

அஸ்ட்ரோசைட்டுகள் எனும் மூளைச் செல்கள் நியூரான்களைப் போல மின்துடிப்பு எழுப்புவதில்லை. அதனாலேயே நெடுங்காலம் அவை மூளையின் எடுபிடிகளாகக் கருதப்பட்டன. வளர்ப்புத் தட்டில், நியூரான்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் பட்டதும் இவற்றுக்குள் கால்சியம் அலையலையாகப் பரவுவதை 1990இல் கண்டார்கள். அந்தக் கால்சியம் நியூரான்களின் போக்கை மாற்றுகிறதா? 2010இல் வந்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகப் பதில் சொல்லின.

ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஹென்னபெர்கர், ருசகோவ் குழுவின் கட்டுரை வந்தது. ஹிப்போகாம்பஸ் சீவலில் ஒரேயொரு அஸ்ட்ரோசைட்டைப் பிடித்து, அதன் கால்சியம் ஏறவோ இறங்கவோ முடியாதபடி கட்டிப்போட்டார்கள். அக்கம்பக்கத்துச் சினாப்ஸ்கள், அதாவது நியூரான்கள் சந்திக்கும் இடங்கள், வலுப்பெறுவது நின்றுபோனது. நினைவுக்கு அடிப்படையெனக் கருதப்படும் மாற்றம் அது. வெளியிலிருந்து டி-செரீன் கொடுத்ததும் மீண்டது. சினாப்ஸ் வலுப்பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பி திறக்கக் குளூட்டமேட் மட்டும் போதாது, டி-செரீனோ கிளைசினோ கூடவே ஒட்டவேண்டும். அந்த டி-செரீனைத் தருவது அஸ்ட்ரோசைட்தான் என்றார்கள்.

மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் அகுலோன், ஃபியாக்கோ, மெக்கார்த்தி மூவரும் இதை மறுத்தார்கள். ஒருவகைச் சுண்டெலியில் அஸ்ட்ரோசைட்டின் உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும் ஐ.பி.3 ஏற்பியை மரபணு வழியே நீக்கினார்கள். இன்னொரு வகையில் கால்சியத்தை வேண்டுமென்றே எழுப்பினார்கள். இரண்டிலும் சினாப்ஸ் அசைந்து கொடுக்கவில்லை.

யார் சொல்வது சரி? இருவரும் தடுத்தது ஒன்றல்ல என்பதே என் எண்ணம். மேல்நிலைத் தொட்டியை மூடிவிட்டால் கிணறு வற்றிவிடாது. ஐ.பி.3 ஏற்பி இல்லாத சுண்டெலிகளிலும் அஸ்ட்ரோசைட்டின் மெல்லிய கிளைகளில் கால்சியம் ஏறியிறங்குவதை 2015இல் காக் குழு காட்டியது. அதில் ஒரு பங்கு செல்லுக்கு வெளியிலிருந்து நுழைவது. சினாப்ஸைத் தொட்டு நிற்பவை அந்தக் கிளைகளே. ஆகவே நீக்கல் சோதனையின் 'இல்லை' பாதி வலுவிழக்கிறது.

மறுபாதி அப்படியல்ல. கால்சியத்தை எழுப்பியும் எதுவும் நடக்கவில்லை என்பதற்குக் கிளைக் கணக்கு முழு விடையாகாது. ஹென்னபெர்கர் முறையிலும் ஓட்டை உண்டு: அஸ்ட்ரோசைட்டுகள் ஒன்றோடொன்று இடைவெளிச் சந்திகளால் பிணைந்தவை, ஒன்றுக்குள் செலுத்திய கரைசல் அண்டைச் செல்லுக்கும் கசியலாம். ஆனாலும் டி-செரீன் கொடுத்ததும் மீண்டதே, அந்த ஒரு சோதனைக்காக என் வாக்கு அந்தப் பக்கம்தான்.

எந்தக் கால்சியம் என்பதோடு எந்தச் செல் என்பதும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. குளூட்டமேட்டை வெளியிடும் கருவிகள் ஹிப்போகாம்பஸின் எல்லா அஸ்ட்ரோசைட்டுகளிலும் இல்லை, ஒரு பிரிவில் மட்டுமே உள்ளன என்று 2023இல் வோல்டெரா குழு அறிவித்தது.