பாலாறு கற்பிக்கும் பாடம்



ஜவ்வாது மலைக்கு வடமேற்கே, பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் அமைந்துள்ளன. தோல் தொழிலால் உலகெங்கும் அறியப்பட்ட ஊர்கள் இவை. இத்தொழிலை வளர்த்தவர்களில் பலர் நம் சமுதாய வணிகர்களே. ஈட்டிய பொருளைக் கொண்டு பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்விக்கூடங்களையும் எழுப்பினார்கள். 1919-இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி அந்தக் கல்விப் பணியின் அடையாளமாகும்.

தொடக்கத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களாலேயே தோல் பதனிடப்பட்டது. அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். 1972-இல் சீதாராமய்யா குழு பரிந்துரை அளித்தபின், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. விரைவாகப் பதனிட உதவும் குரோமிய உப்பின் பயன்பாடு பெருகியது. அந்நியச் செலாவணி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. ஆனால் கழிவுநீர் பாலாற்றில் கலந்தது. கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் பாழாயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதென்ற ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்தன. எனினும் 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று நிலுவை இழப்பீட்டுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன!

அன்பர்களே! ஐவேளை தொழுது, ஜகாத்தும் ஸதகாவும் வாரி வழங்கியவர்கள் அந்த முதலாளிகளிலும் இருந்தார்கள். ஆனால் ஜகாத் நம்முடைய பொருளைத்தான் தூய்மையாக்கும். அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்து மிச்சப்படுத்திய பணம் நம்முடையதா? அது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. உரியவரிடம் சேர்க்காதவரை எந்த தர்மமும் அதற்கு மாற்றாகாது. இழப்பீடு பெறாமலே இறந்துவிட்ட விவசாயி தம் வழக்கை மறுமைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை அறிவீர்கள். மேற்பரப்பைப் பார்த்து நின்றுவிடாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதே தலைமைப் பண்பு. அயல்நாட்டுக் காலணி நிறுவனங்கள் 2005-இல் லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பை உருவாக்கி, தோல் ஆலைகளின் தண்ணீர்ப் பயன்பாட்டையும் கழிவையும் தணிக்கை செய்யத் தொடங்கின. அவர்கள் கேட்பதற்கு முன்பே, ஹலாலை நாடும் நாமல்லவா இதைக் கேட்டிருக்க வேண்டும்?

'அரசு அனுமதித்தது', 'வாங்குபவர் விலையைக் குறைத்தார்' என்ற சமாதானங்கள் மறுமையில் செல்லாது. முதலாளியாயினும் மேலாளராயினும், இலாபக் கணக்கை எழுதும்போது கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் தொழிலாளியின் பாதுகாப்பையும் முதலில் எழுதுங்கள். குடும்பத்தாரும் வீட்டுக்கு வரும் வருமானம் எவ்வழியில் வந்தது என்று அன்போடு வினவுங்கள்.

பிறர் கண்ணீர் கலவாத ரிஸ்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.