சூரியனுக்குத் தரை உண்டா?

சூரியனில் நிற்க முடியுமா? சூடு கிடக்கட்டும், நிற்க அங்கே தரையே கிடையாதே! எடையில் சுமார் முக்கால் பங்கு ஹைட்ரஜன். மீதி பெரும்பாலும் ஹீலியம். மேற்பரப்பிலேயே 5,500 டிகிரி செல்சியஸ் என்றால் எது கெட்டியாக இருக்கும்?

'சூரியன் பழுக்கக் காய்ச்சிய கல்' என்ற அனக்சகோரஸ் மீது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் தெய்வ நிந்தனை வழக்கே போட்டார்கள்.

1925-ல் ஹார்வர்டில் செசிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண், நட்சத்திர ஒளியை அலசி, 'அங்கே ஏராளமாக இருப்பது ஹைட்ரஜன்தான்' என்று கண்டுபிடித்தார். பூமியில் உள்ள சரக்கேதான் சூரியனிலும் என்று நம்பிய காலம் அது. 'சாத்தியமே இல்லை!' என்றார் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். பெரிய மனிதர், எதிர்க்க முடியுமா? 'இது அநேகமாக நிஜமில்லை' என்று தன் ஆய்வேட்டில் பெய்னே எழுதிவைத்தார், பாவம்.

1929-ல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் ஆய்வையும் குறிப்பிட்டார். ஆனால், பேர் என்னவோ ரொம்ப காலம் ரஸ்ஸலுக்குத்தான்!