கணக்குக் காட்டாதவரும் அவர் மைத்துனரும்

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் எழுந்து போகிறவர்கள் பெஞ்ச் மேல் ஏறி நிற்கவும்.

90-களில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்த மண்பானை நினைவிருக்கும். சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் இரவல் வாங்கி வருவேன். பனையோலைக்குப் பதில் நோட்டுத் தாளைக் கிழித்து, அதில் பெயர் எழுதிப் பானைக்குள் போடுவோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குட்டிப் பையனைக் கூட்டிவந்து எடுக்கச் சொல்வோம். வகுப்புத் தலைவர் தேர்தல் முடிந்தது! "டீச்சர், இவன் பேரையே ரெண்டு தடவை எழுதிப் போட்டுட்டான்" என்று வருஷா வருஷம் ஒரு புகார் வரும். உத்திரமேரூர் குடவோலை முறையை அப்படித்தான் நடத்தினேன். ஒரு வருடம் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து நேரிலும் அழைத்துப் போனேன். கோயில் சுவரில் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஐஸ் சாப்பிட்டது மட்டும்தான் உங்களில் பலருக்கு நினைவிருக்கிறது என்று தெரியும்.

அப்போது நான் பானையைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். தேர்வில் கேட்கிற கேள்வி அதுதான். அந்தக் கல்வெட்டில் கணக்கைப் பற்றி எவ்வளவு இருக்கிறது என்பதை, ஓய்வு பெற்று எங்கள் நகரின் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

முதலில் கல்வெட்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 2 உள்ளன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இவற்றைப் பற்றி விரிவாக எழுதியவர் கல்வெட்டு அறிஞர் வெங்கையா. அது வெளிவந்த இடம் தொல்லியல் துறையின் 1904-05-ஆம் ஆண்டின் ஆண்டறிக்கை! ஆண்டறிக்கை என்றால் யாரும் படிக்காத காகிதம் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

ஊர் 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். ஓலைகளை எல்லாம் குடத்தில் போட்டு, சபையார் முன்னிலையில் வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா? இவ்வளவு நம்பிக்கையின்மையை ஒரு சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படித் தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று பட்டியல் உண்டு. நிற்கக் கூடாதவர்களில் முக்கியமானவர், ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமல்ல. அவர் அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, தாய்மாமன், மாமனார், மருமகன், மைத்துனர், சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் போதுமான சொந்தம் அத்தனையும் நிற்க முடியாது. ஒருவர் கணக்கு முடிக்காவிட்டால் குடும்பமே வெளியே. சொந்தங்களே, கவனிக்கவும்.

இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியும் இருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. முதல் விதிப்படி எனக்கு இடமில்லை, இரண்டாவதில் உண்டு என்று எங்கள் சங்கத்தில் வேடிக்கையாகச் சொன்னேன். பிறகு நானே திருத்திக்கொண்டேன். எந்த விதிப்படியும் எனக்கு இடமில்லை. அது பிராமணர்களின் ஊர், சதுர்வேதிமங்கலம். வேதம் அறிந்திருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பெண்ணுக்கும், அந்த வயலில் உழுதவருக்கும் அங்கே ஓலை இல்லை. "உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம்" என்று முகநூலில் போடுகிற என் மாணவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் சந்தோஷப்படுவேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சங்கப் பொருளாளர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2020 ஊரடங்கில் துப்புரவுப் பணியாளர்களுக்கும், வேலை இழந்து நின்ற கட்டடத் தொழிலாளர்களுக்கும் அரிசி, பருப்பு கொடுக்கப் பணம் வசூலித்தோம். 71 வீடு, மொத்தம் ₹62,500. முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு அண்ணன்தான் தினமும் அலைந்தார். 2021 ஜூனில் அதே கொரோனாவில் போய்விட்டார். அந்த இரண்டு வருடமும் பொதுக்குழு கூடவில்லை, அறிக்கையும் இல்லை.

2022-இல் புதிய நிர்வாகம் வந்தது. பாக்கி அறிக்கைகளையும் சேர்த்துத் தயாரிக்க நாலு பேர் குழு. செயலாளர், மினிட் புத்தகத்தோடு. பி.காம். படித்த எதிர்வீட்டுத் தங்கச்சி, கணக்குக்கு. நம் 98-ஆம் வருட மாணவன் ஒருவன், ஐ.டி. கம்பெனிக்காரன், படம் போட்டு அச்சுக்குத் தயார் செய்ய. எழுத நான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். முதல் நாள் யார் எதை எழுதுவது என்று பிரித்தோம். தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு மருந்து, காவலாளி சம்பளம், பூங்கா. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது ஞாயிறு தங்கச்சி ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நிவாரணக் கணக்குல ₹44,100-க்குத்தான் பில் இருக்கு" என்றாள். ₹18,400-க்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

செயலாளர் நல்ல மனிதர். "இதரச் செலவுன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடலாம் டீச்சர். இறந்தவரைப் பற்றி எதுக்கு?" என்றார். தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், "நான் என் கையிலிருந்து கட்டிடறேன், கணக்கு நேராயிடும்" என்றார். இரண்டும் பெருந்தன்மைதான். ஆனால் வெளியே பேச்சு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போன இடத்தில் என் காதிலேயே விழுந்தது. அண்ணி காதில் விழாமலா இருக்கும்?

அன்று இரவு பழைய குறிப்பு நோட்டை எடுத்து, 921-ஆம் வருடக் கல்வெட்டில் ஊர்க் கணக்கு எழுதுகிறவருக்கான விதியை மறுபடி படித்தேன். தான் இருந்த காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்படைத்து, சுத்தன் என்று அவர்கள் சொல்லும்வரை மறுபடி அந்த வேலை கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், அதை முடிக்க வேறொரு கணக்கரைக் கொண்டுவரக் கூடாது. இந்த வரியை இருபது வருடம் கடந்து போயிருக்கிறேன், நிற்கவில்லை. தலைவர் பணத்தைக் கட்டினாலும், நாங்கள் 'இதர' என்று எழுதினாலும், அண்ணனுடைய கணக்கை வேறொருவர் முடிப்பதாகத்தான் ஆகும். பணம் நேராகும், பேச்சு நிற்காது. தலைவர் ஏன் கட்டினார் என்று அதற்கும் ஒரு கதை வரும்.

மூன்றாவது ஞாயிறு இதைத்தான் சொன்னேன். "நம்மால் அவர் கணக்கை முடிக்க முடியாது. அவர் எழுதி வைத்தது என்ன, நாம் கண்டது எவ்வளவு என்று காட்டத்தான் முடியும்." மாணவன் உடனே, "அப்ப எழுதி வச்சிருக்காரான்னு அம்மாகிட்ட கேட்டோமா மிஸ்?" என்றான். கேட்கவில்லை! சங்கடமாக இருக்கும் என்று நாலு பேரும் ஒரு வருடமாக அந்த வீட்டு வாசலை ஏறவில்லை.

போனோம். அண்ணி காபி கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து வைத்தார். "இதைக் கேட்டு யாராவது வருவீங்கன்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தலை நிமிரவில்லை.

பையில் 2 பாக்கெட் டைரி. முப்பது வருடம் மணியார்டர் பாரம் எழுதிய கை. தேதி, பொட்டலம் எத்தனை, எந்தக் கடை, எந்தத் தெரு முனையில் கொடுத்தது. ஊரடங்கில் முன்வாசலைச் சாத்திவிட்டுப் பின்வாசலில் விற்ற மளிகைக் கடையில் பில் எங்கே கொடுப்பார்கள்? தங்கச்சியும் மாணவனும் அந்தக் கடைக்குப் போய், கடைக்காரர் நோட்டையும் டைரியையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார்கள். 2 ஞாயிறு ஆனது. ₹16,150 பொருந்தியது. ₹2,250 பொருந்தவில்லை. டைரியில் 3 இடத்தில் "ஆட்டோ" என்று மட்டும் இருக்கிறது, தொகை இல்லை. அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை அறிக்கையில் எழுத முடியாது.

"அந்த ரெண்டாயிரத்து சொச்சத்தை நான் தர்றேனே" என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்றோம். அறிக்கையில் இப்படி எழுதினோம்: பில் உள்ளது இவ்வளவு, பொருளாளரின் டைரியும் கடை நோட்டும் ஒத்துப்போவது இவ்வளவு, ஆதாரம் கிடைக்காதது ₹2,250. கூடவே, இரண்டு வருடம் பொதுக்குழுவைக் கூட்டாததும், கணக்கைக் கேட்காததும் நிர்வாகத்தின் தவறு என்று ஒரு வரி. இந்த வரிக்குத்தான் குழுவில் பெரிய சண்டை. செயலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, 'நிர்வாகத்தின்' என்பதற்குப் பதில் 'எங்கள்' என்று திருத்திக் கொடுத்தார். ஆசிரியை நான், எனக்குத் தோன்றவில்லை.

நன்கொடைப் பட்டியலைச் சேர்க்கும்போது இன்னொன்று தெரிந்தது. 71 வீட்டில் 26 வாடகை வீடு. எங்கள் சங்க விதிப்படி சொந்த வீடு உள்ளவர்தான் உறுப்பினர். பணம் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் கணக்குக் கேட்க உரிமை இல்லாதவர்கள்! சொந்த மனையில் வீடு என்ற உத்திரமேரூர் விதி 1,100 வருடம் கழித்து எங்கள் தெருவில் குடியிருக்கிறது. 71 பெயரையும் அகர வரிசையில், சொந்தம் வாடகை என்று பிரிக்காமல் அச்சிட்டோம். அவர்களை உறுப்பினராக்கும் தீர்மானத்தை இரண்டு முறை கொண்டுவந்தோம். இன்னும் நிறைவேறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் வருடத்துக்கு ஒருமுறை கேட்டது நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலை. கணக்கைக் கேட்கவில்லை. 1978-இல் நடைமுறைக்கு வந்த 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்தான் வரவு செலவுக் கணக்கையும் ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் சொன்னது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் மக்கள் நேரே உட்கார்ந்து கேட்கலாம். நகரத்தில் கிராம சபை இல்லை. உத்திரமேரூரும் இன்று பேரூராட்சி. குடவோலைக் கல்வெட்டு உள்ள ஊரிலேயே கிராம சபை கூடாது!

பொதுக்குழு ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. அறிக்கையை நான்தான் வாசித்தேன். நிவாரணப் பகுதி வந்ததும் குரல் கொஞ்சம் கட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். அண்ணி இரண்டாவது வரிசையில் இருந்தார். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் அச்சடிச்சு வெளியே காட்டணுமா?" என்று கேட்டார். பால் கடையில் பேசியவர் அவர்தான். செயலாளர் எழுந்து, "டைரி இங்கே மேஜை மேல இருக்கு, பார்க்கிறவங்க பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஏழெட்டுப் பேர் வந்து புரட்டிப் பார்த்தார்கள். கேட்டவர் வரவில்லை. அடுத்த கேள்வி தெருநாய் பற்றி. அது முக்கால் மணி நேரம் ஓடியது.

இப்போது இந்த வருட அறிக்கைக்கு உட்காருகிறோம். அடுத்த ஞாயிறு முதல் கூட்டம். சங்கத்தின் பழைய வரலாற்றையும் 2 பக்கம் சேர்க்கலாம் என்று மாணவன் சொல்கிறான். 2003-க்கு முந்தைய மினிட் புத்தகம் எங்களிடம் இல்லை. எங்கள் நகரில் முன்பு குடியிருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், இதைப் படிப்பவர்களில் இருக்கிறீர்கள். பரணில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.