பாண்டியனுக்கு யவன மது, பாரிக்கு ஊன்சோறு

தமிழ்நாட்டுக்கு ஒயின் எப்போது வந்தது என்று கேட்டால் பலரும் பாண்டிச்சேரியையும் பிரெஞ்சுக்காரர்களையும்தான் கை காட்டுவார்கள். ஆனால் புறநானூற்றிலேயே ஒயின் இருக்கிறது நண்பர்களே! 56ஆம் பாட்டு. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனைப் பார்த்து நக்கீரர் வாழ்த்துகிறார்: யவனர் கலத்தில் வந்த, குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, தினமும் குடித்து மகிழ்ந்திரு!

'கலம்' என்றால் கப்பல், பாத்திரம் இரண்டும்தான். எனக்குப் பாத்திரம் என்ற பொருள்தான் பிடித்திருக்கிறது. காரணம் ஆம்போரா. இரண்டு கைப்பிடி, கூரான அடிப்பாகம் கொண்ட மண்சாடி. பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது இதன் ஓடுகள் கிடைத்தன. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பாண்டியர் துறைமுகமான அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன.

அரிக்கமேட்டுச் சாடிகளில் கணிசமானவை கிரேக்கத் தீவான காஸ் பாணியைச் சேர்ந்தவை. இந்தக் காஸ் ஒயின் ஒரு விசித்திரமான கலவை. இன்று தெற்கு பிரான்சில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று திராட்சைகளைக் கலக்கிறார்கள் அல்லவா, காஸில் கலந்தது கடல்நீர்! ரோமானியரான கேட்டோ, இந்த ஒயினை இத்தாலியிலேயே போலியாகத் தயாரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றில்லாத நேரத்தில், கரையிலிருந்து தள்ளிப் போய்க் கடல்நீர் எடுக்க வேண்டுமாம். (டூப்ளிகேட் சரக்கு நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.)

அப்படியென்றால் சங்கத் தமிழர்கள் எல்லோரும் ஒயின் குடித்தார்களா? இணையத்தில் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வணிகவியல் படிப்பவனாக எனக்கு இங்கே சரக்குப் பட்டியல்தான் முக்கியம். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்', முசிறிக்கு என்னென்ன கொண்டு போகலாம் என்று சொல்கிறது. முதலில் நிறைய காசு. ஒயினும் உண்டு, ஆனால் "அதிகம் வேண்டாம்" என்ற தொனியில்தான். கோதுமை கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு மட்டும், ஏனென்றால் உள்ளூர் வியாபாரிகள் அதைத் தொடுவதில்லை. ஒயினிலும் ஒரு பங்கு துறைமுகத்தில் தங்கிய யவனர்களின் வயிற்றுக்கே போயிருக்கும் என்பது என் ஊகம். மீதி, நன்மாறன் போன்ற ராஜாக்களுக்கு. கடல் தாண்டி வந்த சரக்கு, அதைப் பொற்கிண்ணத்தில் குடிப்பதே ஒரு கௌரவம்தானே.

அதோடு என்ன சாப்பிட்டான்? 56ஆம் பாட்டில் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதுவும் சாப்பாடும் சேர்ந்து வருவதைப் பார்க்க மதுரையை விட்டு எங்கள் பக்கம் வர வேண்டும். சிங்கம்புணரி பக்கத்துப் பிரான்மலைதான் பாரியின் பறம்புமலை என்பார்கள். புறநானூறு 113இல் கபிலர் அந்த மலையின் விருந்தைச் சொல்கிறார். மதுச்சாடியைத் திறந்தபடியே இருப்பார்கள். ஆட்டுக்கிடாயை வெட்டியபடியே இருப்பார்கள். சமைக்கச் சமையக் குறையாத துவையலும் ஊன்சோறும். கேட்டவருக்குக் கேட்ட அளவு. 109ஆம் பாட்டில் மலையில் உழாமல் கிடைப்பவை வருகின்றன: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். யவனன் கப்பல் இங்கே தேவையே படவில்லை.

அந்த மலையை முற்றுகையிட்ட மூவேந்தரில் பாண்டியனும் ஒருவன். நன்மாறன்தான் அவன் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் 113ஆம் பாட்டு விருந்து நடக்கும்போது பாடியது அல்ல. பாரி இறந்த பிறகு, அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மலையை விட்டுப் போகும் கபிலர், கண்ணீரோடு அந்த மலையைப் பார்த்துச் சொன்னது.