யூபிலி ஆண்டும் பஞ்சமி நிலமும்

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவ்விழாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜூபிலி' என்னும் பெயரின் பிறப்பை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். எபிரேய மொழியில் 'யோபேல்' என்பது ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும். ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் எக்காளம் ஊதி நாடெங்கும் விடுதலையை அறிவிக்க வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். தமிழ் வேதாகமம் அதனை 'யூபிலி வருஷம்' என்று வழங்குகிறது. ஊர்ச் செய்தியைப் பறையறைந்து அறிவித்தவர் நம் முன்னோர். நிலம் உரியவனிடம் திரும்புகிறது என்னும் செய்தியை மட்டும் அவர்கள் அறைந்து சொல்ல நேர்ந்ததில்லை.

நம்மில் கிறித்தவர் உளர். வைணவர், பௌத்தர் உளர். சமயம் வேண்டாதாரும் உளர். ஆயினும் லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை நிலமற்றவன் எவனும் ஒருமுறை படித்தல் வேண்டும். நிலம் கடவுளுடையது, அதில் வாழ்வோர் அனைவரும் பரதேசிகளே, ஆகையால் அதனை நிரந்தரமாக விற்றல் கூடாது என்பது அதன் அடிப்படை. வறுமையால் ஒருவன் விற்றால், அடுத்த யூபிலி வரை எத்தனை விளைச்சல் உண்டோ அத்தனைக்கே விலை. விற்கப்படுவது விளைச்சல், மண் அன்று. ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். கடனுக்காக அடிமைப்பட்டவனும் தன் பிள்ளைகளுடன் வீடு திரும்புவான். இன்னொரு நுட்பமும் உண்டு. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்காவிடில் அது வாங்கினவனுக்கே நிலைத்துவிடும். மதிலில்லாக் கிராமத்து வீடோ நிலத்தைப் போலவே யூபிலியில் திரும்பும். நகரத்துச் செல்வரின் வாணிபத்தையும் சிற்றூர் உழவனின் வாழ்வையும் ஒரே கோலால் அளவாத சட்டம் இது. காஞ்சி நகருக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் குடியிருக்கும் செவிலிமேட்டு மக்களாகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

செவிலிமேடு அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. (1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் காஞ்சிபுரம் மாவட்டம் தோன்றியது.) 'நம் மாவட்டம்' என்று நாம் இங்குச் சொல்வது அந்தப் பழைய செங்கல்பட்டையே. மிராசு முறை வேரோடியிருந்த மாவட்டம் அது. தரிசு நிலத்தைத் தரக்காஸ்தில் கேட்டால் முதல் உரிமை மிராசுதாரருக்கே. உழுதவன் குடிசை போட்டிருந்த சேரி நத்தத்துக்கும் அவர்களே உரிமை பாராட்டினர். கூலி உயர்த்திக் கேட்டவனைக் குடிசையோடு பெயர்த்துவிட அது போதுமானது. அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையில்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிவிட்டது. கடன் பத்திரம் அவ்விடத்தை நிரப்பியது. தந்தை வாங்கிய சில ரூபாய்க்கு மகன் படியாளாய் உழைத்தான். பத்திரத்தில் எழுதியிருந்தது என்னவென்று கைநாட்டு வைத்தவனுக்குத் தெரியாது.

1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின் நம் மக்கள் பலர் கிறித்தவ சபைகளை நாடினர். அவர்களிடையே பணியாற்றிய செங்கல்பட்டு ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் வில்லியம் கௌடி போன்ற மிஷனெரிகள், மனந்திரும்பியவனுக்கு நிற்க ஓர் அடி மண்ணில்லாத நிலையைக் கண்டு அரசுக்கு முறையிட்டனர். அம்மாவட்டத்தின் ஆட்சித் தலைவராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருப்பு மனை, சாகுபடி நிலம், பள்ளி ஆகியவை அவர் வற்புறுத்தியவை. அரசு அதிகாரிகளிடையே எதிர்ப்பு இருந்தது. எனினும் 30-9-1892 நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 1010இன் வழியே ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் திட்டம் பிறந்தது. அந்நிலங்களே 'பஞ்சமி நிலம்' எனப் பெயர் பெற்றன. மாகாணமெங்கும் ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்பது பரவலாக வழங்கும் கணக்கு.

அந்நிலங்களின் நிபந்தனைகளை நோக்குக. முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு விற்றால் செல்லாது. ஏழையின் கையில் நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு திருமணமோ ஒரு நோயோ வந்த நாளில் அது கைமாறிப் போகாதபடி காக்கவும் வேண்டும் என்று மோசேயின் சட்டம் கண்ட உண்மையையே இவ்வரசாணையும் கண்டது எனலாம். டிரெமென்ஹீர் லேவியராகமத்தைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. வறுமை எங்கும் ஒரே வழியில்தான் நிலத்தைப் பறிக்கிறது.

சட்டம் இருப்பதும் நடப்பதும் வேறு. யூபிலி முழுமையாக நடைபெற்றதற்குத் திண்ணமான சான்று வேதாகமத்தின் வரலாற்று நூல்களிலேயே காணப்படவில்லை. எரேமியாவின் காலத்தில் சிதேக்கியா அரசனும் பெருமக்களும் அடிமைகளுக்கு விடுதலை கூறி, பின்னர் அவர்களையே மீண்டும் பிடித்து வேலை வாங்கினர். தன் முன்னோர் நிலத்தை அரசனுக்கு விற்க மறுத்த நாபோத்தின் கதையை நாம் அறிவோம். ஆகாப் நேரே பிடுங்கவில்லை. முத்திரையிட்ட கடிதம் போயிற்று. பொய்ச் சாட்சிகள் இருவர் வந்தனர். ஊர்ப் பெரியோர் கூடித் தீர்ப்பளித்தனர். யாவும் முறைப்படி நடந்தன! பஞ்சமி நிலங்கள் போன வழியும் இதுவே. வட்டிக்கு அடகு, வெள்ளைத்தாளில் கைநாட்டு, சார்பதிவாளர் முன்னே கிரயம், பின்னர்ப் பட்டா மாற்றம். 1980களில் நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபோது நிபந்தனைக் குறிப்பே பல இடங்களில் விடுபட்டுப் போயிற்று என்பது நம் மக்களின் நெடுநாள் முறையீடு.

சபைகளையும் நாம் குறை கூறாமல் விடுவதற்கில்லை. சாதி வேற்றுமையைச் சபைக்குள் ஏற்கலாகாதென்று சென்னை மிஷனெரிகள் 1850இலேயே தீர்மானித்தும், தனி இருக்கையும் தனிக் கல்லறையும் பல ஊர்களில் நீடித்தன. கிறித்தவராய் மாறிய நம்மவர்க்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. சீக்கியர்க்கு 1956இலும் பௌத்தர்க்கு 1990இலும் அது வழங்கப்பட்டது. கிறித்தவர்க்கு இன்றளவும் இல்லை.

பிறர் நம் பொருட்டுப் பேசியதை மட்டும் சொல்லிவிட்டால் வரலாறு குறைபடும். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி நம் முறையீட்டை நம் குரலிலேயே எழுதினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். நூறாண்டு கழிந்து, 1994 அக்டோபரில், காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள்மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் யோவானையும் தோமாவையும் சொல்கிறது, மற்றவர் பெயர் திருமலையைச் சொல்கிறது. இருவரும் கேட்ட மண் ஒன்றே.

மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் ஆண்டுதோறும் நிலம் உழப்படாமல் ஓய்ந்திருக்க வேண்டும், தானே விளைவதை ஏழையும் விலங்கும் உண்ண வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் பகுதி. அவ்வோய்வை மறுத்த நாட்டார் சிறைப்பட்டுப் பாபிலோன் சென்ற எழுபது ஆண்டுகளில் நிலம் தன் ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டதாக நாளாகம நூல் கூறும். நம் பாலாற்றுக்கு எவர் ஓய்வு கொடுத்தார்? மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கலந்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மணலோ லாரி லாரியாய்ப் போயிற்று. ஊற்றுத் தோண்டிக் குடித்த ஆற்றில் ஊற்று ஆழத்துக்குப் போனால் முதலில் தாகிப்பவர் ஆழ்துளைக் கிணறு இல்லாத சேரியார். வேடுவர் உருவில் வந்த பெருமாளுக்கும் தாயாருக்கும் இராமானுசர் நீர் முகந்து கொடுத்ததாகச் சொல்லும் சாலைக்கிணறு நம் செவிலிமேட்டை ஒட்டியே உள்ளது. வேடுவர்க்கு நீர் தந்த கதையைப் போற்றிய நாட்டில் ஊர்க் கிணறுகள் சேரிக்கு எத்தனை காலம் மூடியிருந்தன என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்க்கு ஒரு வேலை உண்டு. தம் ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலப் பதிவேடுகளையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்டு எழுதலாம். விண்ணப்பத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயரும் தெரிந்தால் சர்வே எண்ணும் இருத்தல் வேண்டும். குறிப்புக் கலத்தில் 'டி.சி. நிபந்தனை' என்னும் சொற்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். எண் தெரியாவிடில் சேரியின் முதியோரிடம் கேட்கலாம். தாத்தா உழுத கொல்லை எந்த ஏரிக்குக் கீழே, எந்தப் பனைக்கு மேற்கே என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.