ஜாவா அப்ளிகேஷன் சர்வர்கள்: சென்னை வழி ஒரு வரலாறு

உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, ஜாவாவில் எழுதிய நிரலிடம் கொடுத்து, கிடைத்த விடையைத் திருப்பி அனுப்பும் மென்பொருளே ஜாவா அப்ளிகேஷன் சர்வர். பயனர் அமர்வு, தரவுத்தள இணைப்பு, பாதுகாப்பு ஆகியவையும் அதன் பொறுப்பு. டாம்கேட், வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜெட்டி ஆகியவை பெயர்பெற்றவை. இவற்றில் எது வேகம், எது எளிது என்ற வாதம் கால் நூற்றாண்டாக ஓயவில்லை. சென்னையில் சர்வர்களை அளப்பதையே விற்பனைச் சரக்காக்கிய நிறுவனமும் உண்டு.

தோற்றம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் ஜாவாவை அறிவித்தது. 1997இல், வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா நிரலுக்கான சர்விலெட் வரையறை வந்தது. 1998இல் பிஇஏ நிறுவனம் வெப்லாஜிக்கை வாங்கியது, ஐபிஎம் வெப்ஸ்பியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சன் ஊழியர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் மாதிரியாக எழுதிய சர்வரை அந்நிறுவனம் 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடையளித்தது. அதுவே டாம்கேட். மார்க் ஃப்ளூரி ஜேபாஸைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தொடக்கத்திலேயே இரண்டு சாதிகள் பிரிந்துவிட்டன. வெப்லாஜிக்கும் வெப்ஸ்பியரும் பெருநிறுவனப் பயன்பாட்டுக்கான ஜே2ஈஈ வரையறை முழுவதையும் தாங்கியவை, உரிமக் கட்டணம் கேட்பவை. டாம்கேட்டில் சர்விலெட்டும் ஜேஎஸ்பியும் மட்டுமே, விலை கிடையாது.

சென்னையில்

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபோது, நகரின் மென்பொருள் சேவை நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய வாடிக்கையாளர்கள். எந்த சர்வர் என்பதை முடிவு செய்தவர் வாடிக்கையாளர். இங்கிருந்த பொறியாளர் அதோடு குடித்தனம் நடத்தினார்.

மாணவர் உலகம் வேறு. தியாகராய நகர், அசோக் நகர், வடபழனிப் பகுதிகளின் பயிற்சி மையங்களிலும் 'ஃபைனல் இயர் புராஜெக்ட்' கடைகளிலும் டாம்கேட்டே ராஜா. நிரலைப் பொதிந்த 'வார்' கோப்பை வெப்ஆப்ஸ் கோப்புறையில் போட்டால் வேலை முடிந்தது. ஒரே வம்பு 8080 என்ற போர்ட் எண். ஆரக்கிள் 10ஜி எக்ஸ்பிரஸ் பதிப்பும் அதே எண்ணில்தான் உட்காரும். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவியவருக்கு 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழைச் செய்தி வரும். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து எண்ணை 8081 என மாற்றுவதே பலருக்கு டாம்கேட்டின் உள்ளமைப்போடு முதல் அறிமுகம்.

முன்னே சொன்ன நிறுவனம், அடையாற்றை அடுத்த வேளச்சேரியில் இயங்கிய அட்வென்ட்நெட். அது 1996இல் தொடங்கி 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. நெட்வொர்க் மேலாண்மைக்கான ஜாவா கருவிகளே அதன் முதல் தொழில். பின்னர் மேனேஜ்எஞ்சின் வரிசையில் அது வெளியிட்ட 'அப்ளிகேஷன்ஸ் மேனேஜர்' வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், டாம்கேட் அனைத்தையும் ஒரே திரையில் கண்காணிக்கும்: நினைவகம் எவ்வளவு நிரம்பியது, எத்தனை திரெட் (இணையாக ஓடும் இழை) வேலையில் உள்ளன, பதில் வர எவ்வளவு நேரமாகிறது. பெரிய சர்வர்களை அளந்த இந்த மென்பொருள், தன் நிறுவல் கோப்புறைக்குள் சுமந்து வந்தது டாம்கேட்டை. வாடிக்கையாளரின் கணினியில் ஒரே சொடுக்கில் நிறுவ வேண்டிய பொருளுக்கு, உரிமம் கேட்காமல் கூடவே வரும் சிறிய சர்வர் தோதாக இருந்தது.

வேகம்

2000களில் ஸ்பெக்ஜேஆப்சர்வர் என்ற அளவுகோலில் நிறுவனங்கள் போட்டி போட்டு எண்களை வெளியிட்டன. அதற்கு ஜே2ஈஈயின் ஈஜேபி வசதி வேண்டும் என்பதால் டாம்கேட் தனியாகக் களமிறங்கவே முடியாது. விலையுயர்ந்த வன்பொருளில், விற்பவரே முடுக்கிவிட்டு எடுத்த எண்கள் சாதாரண அலுவலகத்துக்கு அதிகம் உதவவில்லை.

அங்கே பயன்பட்ட வழி வேறு: சர்வர் திணறும் நேரத்தில் லினக்ஸில் 'கில் -3' கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல் பதிவுக் கோப்பில் விழும். பெரும்பாலானவை தரவுத்தள டிரைவரின் உள்ளே, பதிலுக்குக் காத்து நிற்பதைக் காண்பது இத்தொழிலில் வாடிக்கை. அந்நிலையில் சர்வரை மாற்றிப் பயனில்லை. எஸ்க்யூஎல் வினவலைத்தான் திருத்த வேண்டும்.

சர்வரே தடையாவதும் உண்டு. டாம்கேட்டின் இயல்பு உச்சவரம்பு 200 திரெட். பழைய முறையில் இணைப்புக்கு ஒரு திரெட் என்பதால், சும்மா திறந்திருக்கும் இணைப்பும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2002இல் ஜாவா 1.4 கொண்டுவந்த என்ஐஓ என்ற புதிய உள்ளீட்டு முறை இதற்கு வழி திறந்தது. டாம்கேட் 8 அதை இயல்பு முறையாக்கியது.

கையாளும் எளிமை

வெப்ஸ்பியரின் நிர்வாகத் திரை விரிவானது. கிளஸ்டர், பரிவர்த்தனை, செய்தி வரிசை எல்லாம் அங்கேயே. அதற்குக் கொடுக்கும் விலை, நிரலாளரின் மடிக்கணினியில் அது எழுந்து நிற்க ஆகும் நேரம். சன்னின் ஜாவாவில் ஓடிய சர்வர் எதுவானாலும், நிறுத்தாமல் நிரலை மீண்டும் மீண்டும் ஏற்றினால், கசிவால் 'பெர்ம்ஜென்' என்ற நினைவகப் பகுதி தீர்ந்து படுத்துவிடும் தொல்லை பொதுவாக இருந்தது. 2014இல் வந்த ஜாவா 8 அந்தப் பகுதியையே நீக்கியது. கசிவு மட்டும் இடம் மாறியது.

அண்மைக் காலம்

2006இல் ஜேபாஸை ரெட் ஹாட்டும், 2008இல் பிஇஏவை ஆரக்கிளும் வாங்கின. 2014இல் வந்த ஸ்பிரிங் பூட், டாம்கேட்டை நிரலுக்குள்ளேயே பொதிந்து அனுப்பியது. சர்வரைத் தனியே நிறுவும் வேலை பலருக்கு இல்லாமல் போனது. ஜே2ஈஈயின் பிற்காலப் பெயரான ஜாவா ஈஈ 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறத் தொடங்கி ஜகார்த்தா ஈஈ ஆனது. ஜாவக்ஸ் என்ற தொகுப்புப் பெயரும் மாறியதால் பழைய நிரல்கள் டாம்கேட் 10இல் அப்படியே ஓடா. அவற்றை வைத்திருப்போர் 9ஆம் பதிப்பிலேயே தங்கினர். 2023இல் ஜாவா 21 தந்த மெய்நிகர் திரெட்டுகளால் 200 என்ற வரம்பின் முக்கியத்துவம் குறைந்திருக்கிறது. நெரிசல் இப்போது தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது.